ஒன்பது பேர் கெடுத்த பட்டினி

ஜெயவேலுவின் இடுப்புச் சுற்றளவு நாற்பத்தோர் அங்குலம் என்பது, 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் வாரம் வரை, இவ்வுலகில் எவருக்கும் தேவைப்படாத செய்தியாக இருந்தது. அவர் மனைவி காந்தாவுக்கு அதில் குறையில்லை. கோலார் தங்கவயலில் அவரோடு இருபத்திரண்டு ஆண்டுகள் நிலத்துக்கடியில் பாறையைத் துளைத்த நண்பர்களுக்கும் குறையில்லை. குறை கண்டவர்கள், ஹெப்பகோடியில் அவர் காவல் காத்த தொழிற்சாலையின் நிருவாகத்தினர். வெளிநாட்டு விருந்தினர் காரில் வந்திறங்கும் முன்வாயிலில் தொந்தியுள்ள ஒருவர் நின்று வணக்கம் சொல்வது அவர்கள் கண்ணுக்கு அழகாகப் படவில்லை.

ஆகவே ஓர் ஆணை பிறந்தது. முன்வாயிற் காவலாளியின் இடுப்பு முப்பத்தெட்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டியவருக்கு ஆகஸ்டு மாதத்தின் கடைசி நாள் வரை தவணை. அதற்குள் இறங்காவிட்டால் வேலை இல்லை. காவலாளிகளை அனுப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் கிருஷ்ணப்பா, தையற்காரரின் நாடா ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, ஜெயவேலுவைப் பண்டகசாலைக்குள் அழைத்து அளந்தார். காலைப் பணியிலிருந்த ஒன்பது காவலாளிகளில் அளவு தாண்டியவர் அவர் ஒருவரே. மற்ற எட்டுப் பேரும் நாடாவுக்கு வேலை வைக்காத உடலினர்.

“யாருகிட்டயும் சொல்ல வேணாம்ப்பா. சும்னே கலாட்டா ஆகும். நீ பாட்டுக்கு இறக்கிக்கோ,” என்றார் கிருஷ்ணப்பா, கன்னடம் கலந்த தமிழில்.

சுமையை இறக்கச் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கொதிக்கும் பாறைக்கு நடுவே உழைத்து நாட்டுக்குத் தங்கம் எடுத்துக் கொடுத்தவரை, சுரங்கத்தை மூடி வெளியே அனுப்பியது ஓர் அநீதி. அனுப்பப்பட்டவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு வந்து, உழைப்புக் குறைந்து, ஆனால் சுரங்கக் காலத்துப் பசி மட்டும் குறையாமல் வயிறு பெருத்ததும், அந்த வயிற்றைக் காட்டியே மறுபடியும் வெளியே அனுப்பப் பார்ப்பது அதனினும் பெரிய அநீதி. இதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் எழுதுகிறேன்.

ஆனால் இவையெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஆறு வாரம் கழித்துத்தான். தெரியாதிருந்த அந்த ஆறு வாரத்தில், ஜெயவேலுவின் வேலையைப் பறிப்பதற்கு நிருவாகம் செய்ததைக் காட்டிலும் அதிகமாக நாங்கள் செய்தோம்.

நாங்கள் என்றது அந்த எட்டுக் காவலாளிகளையும் என்னையும். அவர்கள் எல்லாரும் தங்கவயல்காரர்கள். சுரங்கம் மூடியபின் ஹெப்பகோடியில் ஒண்டுக் குடித்தனங்களில் குடியேறியவர்கள். நானும் தங்கவயலில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளியாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கையெழுத்து நன்றாக இருந்தமையால், வாயிலில் வருவோர் போவோர் பெயரைப் பதிவேட்டில் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை எங்கள் பணி. ஒன்பதரை மணிக்கு அரைமணி நேரம், வாயிலை இருவரிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் காவலறையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். சாப்பிட்டவர்கள் எழுந்து போய் அந்த இருவரையும் உள்ளே அனுப்புவார்கள்.

ஜெயவேலுவும் காந்தாவும் சந்தாபுராவில் மைதிலி என்னும் மருத்துவரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அவர் இரத்தத்தைச் சோதித்தார். சர்க்கரை இல்லை, அழுத்தம் சற்றே அதிகம். ஒரு நாளில் என்னென்ன உண்கிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டார். காலையில் ஆறு இட்லி அல்லது ஒரு பெரிய களியுருண்டை, ஒன்பதரைக்கு ஓர் அடுக்குச் சோறு, பிற்பகலில் இன்னோர் அடுக்கு, மாலையில் பேக்கரியில் பன்னோ பப்ஸோ, இரவில் மறுபடி சோறு, இடையில் இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்ட ஏழு தேநீர்.

“நீங்க சாப்பிடாத நேரம்னு ஒண்ணு இருக்கா?” என்று மருத்துவர் கேட்டாராம்.

“தூங்கும்போது சாப்புட மாட்டார் டாக்டரம்மா,” என்றாளாம் காந்தா.

மருத்துவரின் அறிவுரை எளியது. இரவு எட்டு மணிக்குள் உணவை முடித்துவிட வேண்டும். மறுநாள் நண்பகல் வரை தண்ணீரும் சர்க்கரையில்லாத தேநீரும் மட்டுமே. நண்பகலில் பணியிலிருப்பதால், இரண்டு மணிக்கு வீடு திரும்பி உண்ணலாம். தட்டில் பாதி கீரையும் காயும். கால் பங்கு முட்டையோ பயறோ கொள்ளோ. மிச்சத்தில் சின்னக் களியுருண்டை அல்லது ஒரு கிண்ணம் சோறு. பேக்கரிப் பக்கமே போகக் கூடாது. நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு வரவேண்டும். வயிற்றைச் சுற்றிப் படிந்த கொழுப்பு இதயத்துக்கு ஆகாது என்றும், வேலைக்காக இல்லாவிட்டாலும் அவர் இதைச் செய்தாக வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். நிருவாகத்தின் ஆணை தவறு. மருத்துவரின் அறிவுரை சரி. ஒன்றன்மேல் எனக்குள்ள கோபத்தை மற்றதன்மேல் காட்டுவது நியாயமாகாது.

மறுநாளே ஜெயவேலு டிபன் டப்பா இல்லாமல் வந்தார்.

இங்கே தங்கவயலின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் ஒருவர் டப்பா இல்லாமல் இறங்கினால், ஏன் என்று எவரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் அரிசி இல்லாதிருக்கலாம். மனைவியோடு சண்டையாக இருக்கலாம். கேட்டால் அவர் சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் தலைகுனிய வேண்டியிருக்கும். ஆகவே அருகிலிருப்பவர் தம் டப்பாவின் மூடியை மல்லாத்தி அவர்முன் வைப்பார். ஒவ்வொருவரும் தம் உணவிலிருந்து ஒரு பிடி அதில் போடுவார்கள். மூடி நிறையும்வரை எவரும் முதற் கவளத்தை வாயில் வைக்கமாட்டார்கள். பெறுபவர் நன்றி சொல்லக் கூடாது, மறுக்கவும் கூடாது. மறுத்தால், கொடுத்தவர் வீட்டுச் சோற்றை இழிவாக எண்ணியதாகும். இதை அன்பு என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். பசித்தவன் கை நழுவினால் பாறை எல்லார் தலையிலும் விழும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஜெயவேலு வெறுங்கையோடு உட்கார்ந்ததும், பால்ராஜ் தம் மூடியை மல்லாத்தி வைத்தார். ஜெயவேலுவும் பால்ராஜும் சுரங்கத்தில் ஒரே துளைப்பொறியைப் பிடித்தவர்கள். பால்ராஜ் ஒல்லியானவர், ஒரே சம்பளத்தில் ஆறு வயிறு அவர் வீட்டில். அவர் முதலில் ஒரு பிடி களியும், பாதி முட்டையும் வைத்தார். பிறகு மூடி வட்டமாகச் சுற்றி வந்தது. என் பங்குக்கு இரண்டு இட்லி வைத்தேன். ஜெயவேலு மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு சாப்பிட்டார். வறுமையின் கூச்சம் என்று நான் நினைத்தேன். நல்ல ஆசிரியன்தான் நான்!

அவர் தப்பிக்க முயலாமல் இல்லை. அடுத்த வாரம் ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தார். திறந்தால் உள்ளே நறுக்கிய வெள்ளரிக்காய் மட்டும் இருந்தது. வெள்ளரிக்காயைச் சோற்றுக்குப் பதிலாகத் தின்னும் நிலைக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டதே என்று இன்னோர் இட்லியையும் சேர்த்து வைத்தேன். இரண்டு மூடிகள் நிறைந்தன. அதற்கடுத்த வாரம், “நான் கேட்ல நிக்கறேன், நீங்க எல்லாம் போங்க,” என்றார். மூடி வாயிலுக்கே போயிற்று. அய்யாவு என்னும் காவலாளி அதை இரு கையாலும் ஏந்திக்கொண்டு போய், கார் கதவைத் திறந்து விடும் பணிவோடு நீட்டினார்.

அய்யாவு எதையும் வேடிக்கையாக்குபவர். ஆனால் டப்பா இல்லாததைப் பற்றி அவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஜூலை மாதம் நடுவில், பால்ராஜ் என்னிடம் வந்தார்.

“சார், ஆறு வாரம் ஆவுது. சுரங்கத்துல கூட ஒரு ஆளு இவ்ளோ நாளு டப்பா இல்லாம வந்ததில்ல. வூட்ல சொத்தமா ஒண்ணும் இல்ல போலருக்குது. புள்ளைங்க இன்னா துன்னுதோ?”

“என்ன செய்யலாம் என்கிறீர்கள்?”

“ஆளுக்குக் கொஞ்சம் அரிசி போட்டு மூட்டையாக் குடுத்துடலாம். அவன் இல்லாத நேரமாப் பாத்து. நீங்க கூட வாங்க சார். நீங்க இருந்தா காந்தா ஒண்ணும் பேசாது.”

பேசாது என்ற அந்த நம்பிக்கையோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் ஜெயவேலுவின் வீட்டு வாசலில் நின்றோம். மூட்டை பால்ராஜின் தோளில் இருந்தது. ஜெயவேலு கீரை வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். காந்தா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“வாங்க சார். வாங்கண்ணா. இன்னா, மூட்டையோட?”

“அரிசிம்மா,” என்றார் பால்ராஜ், சுவரைப் பார்த்தபடி.

“யாருக்கு?”

“சும்மா உள்ள வெச்சுக்கோ. கேக்காத.”

“கேக்காம எப்டி வெச்சுக்கறது? எங்க வூட்ல அரிசி இல்லன்னு எவன் சொன்னது?”

பால்ராஜ் என்னைப் பார்த்தார். நான் இடரில் ஒருவருக்கொருவர் உதவுவதில் தலைகுனிவு ஏதுமில்லை என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன். அதை முடிக்க அவள் விடவில்லை. உள்ளே போய் அரிசி டிரம்மின் மூடியை இழுத்துத் திறந்தாள்.

“வந்து பாருங்க சார். நீங்க படிச்சவரு, நல்லா எட்டிப் பாருங்க. கழுத்து வரைக்கும் கெடக்குது. யார் வூட்டுக்கு வந்து பிச்சை போடறீங்க?”

“அப்ப அவன் ஏன் டப்பா எடுத்தாறதில்ல?” என்றார் பால்ராஜ்.

“டாக்டரம்மா காலையில துன்னக் கூடாதுன்னு சொல்லிகிறாங்க. எட்டு மணிக்கு நிறுத்தினா மறுநாள் டூட்டி முடிஞ்சு வந்துதான் சோறு. முப்பத்தெட்டு இஞ்சு ஆவலைன்னா அடுத்த மாசத்தோட வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களாம்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “அங்க... துன்றாரா?”

ஆம் என்று நான் தலையசைத்தேன்.

“நேத்து டாக்டரம்மா அளந்தாங்க. கால் இஞ்சு ஏறிகிது. நீ பொய் சொல்ற, பேக்கரியில பூந்து துன்றேன்னு நானே அவர மானம் மரியாதை இல்லாமத் திட்டினேன். அந்த மனுசன் வாயத் தொறக்கல. காலையில நாலே முக்காலுக்கு வெறும் தண்ணியக் குடிச்சிட்டுப் போறத என் கண்ணால பாக்கறேன் சார். அப்பறம் எப்டி ஏறுச்சுன்னு எனக்கு வெளங்கவே இல்ல.” அவள் டிரம்மின்மேல் சாய்ந்து நின்றாள். “எத்தன பேரு போட்டீங்க?”

“ஒன்பது பேர்,” என்றேன்.

பால்ராஜ் மூட்டையைக் கீழே வைக்கவே இல்லை. தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினார்.

“பாதி முட்டை சார்,” என்றார் என்னிடம், காந்தாவைப் பாராமல். “தெனமும். எம் பொண்ணுக்கு வெக்கிறத ரெண்டாக்கி, ரஞ்சிதம் எனக்குக் குடுத்தனுப்பும், அவனுக்கும் கொஞ்சம் வையின்னு. தொப்பையக் கொறைக்கறவனுக்கு!”

அவர் திரும்பி நடந்தார். ரஞ்சிதம் அவர் மனைவி. சந்து முனையில், கீரைக்கட்டோடு வந்த ஜெயவேலு எதிர்ப்பட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பால்ராஜ் மூட்டையோடு அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். ஜெயவேலு கையிலிருந்த கீரையை என்ன செய்வது என்று தெரியாதவரைப் போல நின்றார்.

எனக்குச் சினம் வந்தது. முதலில் ஜெயவேலுவின்மேல். “ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மொழி எதற்கு இருக்கிறது?” என்று அந்தச் சந்திலேயே கேட்டேன்.

“எப்டி சார் சொல்றது?” என்றார் அவர். “பால்ராஜு டப்பாவுல இருக்கறது ஒரு உருண்டை. அவன் எதிர்ல உக்காந்துகினு, எனக்குக் கொழுப்பு அதிகம், டாக்டர் சோத்தக் கொறைக்கச் சொல்லிட்டாருன்னு சொல்லச் சொல்றீங்களா? நாக்கு வரல சார். மொத நாளு போவட்டும், நாளைக்கு வெக்க மாட்டாங்கன்னு பாத்தேன். வெச்சுகினே இருந்தாங்க.”

பிறகு, தரையைப் பார்த்தபடி, “பசியும் எடுக்குது சார்,” என்றார்.

அதன்பின் எனக்கு அவர்மேல் சினமில்லை. மீதமிருந்ததெல்லாம் என்மேலும், நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு திரிபவர்கள்மேலும்தான்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு, ஜெயவேலு காவலறையின் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஆணை, அளவு, மருத்துவர், ஆகஸ்டுக் கடைசி. அய்யாவுதான் முதலில் பேசினார்.

“பசிக்குதுன்னு சொல்ல வெக்கப்பட்டவங்க ஆயிரம் பேர நான் பாத்துகிறேன். சோறு வேணாம்னு சொல்ல வெக்கப்பட்டவன் நீ ஒருத்தன்தான்டா.”

அறையே சிரித்தது. ஜெயவேலுவும் சிரித்தார். பால்ராஜ் சிரிக்கவில்லை.

“வெள்ளரிக்கா கொணாந்தப்ப நான் அழுதேன்டா டேய்,” என்றார் இன்னொருவர். “எங்க வூட்ல போய்ச் சொல்லி, அவளும் அழுதா.”

“சரி, இப்ப இன்னா பண்றது? இவன் சும்மா உக்காந்திருக்க, நாம முன்னால மென்னுகினு இருக்க முடியுமா?” என்றார் அய்யாவு.

முடியாதுதான். வெறுங்கையோடு ஒருவர் இருக்க மற்றவர் உண்பது அவர்கள் பழக்கத்திலேயே இல்லை. ஜெயவேலு வெளியே போய் நிற்பதாகச் சொன்னார்; எவரும் ஒப்பவில்லை. கடைசியில் அய்யாவுதான் வழி சொன்னார்: டப்பாவை ஒன்பதரைக்கு எவரும் திறக்க வேண்டாம், பணி முடிந்து இரண்டு மணிக்கு, வாயிலுக்கு வெளியே புங்க மரத்தடியில் எல்லாரும் சேர்ந்து உண்ணலாம். ஜெயவேலுவும் வீட்டிலிருந்து தம் கீரையையும் கொள்ளையும் கொண்டுவரலாம்.

“இவன் தொப்பைக்காக நான் பட்டினி கெடக்கணுமா?” என்றார் பால்ராஜ். அன்று அவர் பேசியது அது ஒன்றே.

அவர் கேட்டது நியாயம் என்று நான் உரக்கச் சொன்னேன். ஒல்லியான உடலுக்கு மருத்துவர் சொன்ன பட்டினி இது அன்று. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்: பால்ராஜ் மட்டும் ஒன்பதரைக்கு என் பதிவேட்டு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வேண்டும். இது வேண்டுகோள் இல்லை, கட்டளை என்றார் அய்யாவு.

அவ்வாறே நடந்தது. நான் பதிவேட்டில் வண்டி எண்களை எழுதிக்கொண்டிருப்பேன். பால்ராஜ் எனக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து உண்பார். ஜெயவேலுவோடு அவர் பேசுவதில்லை. வாயிலில் பணி மாறும்போதுகூடச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நகர்வார். ஜெயவேலுவும் காந்தாவும் அவர் வீட்டுக்குப் போய் ரஞ்சிதத்திடம் மன்னிப்புக் கேட்டார்கள். “நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் பொண்ணு முழு முட்டை துன்னுருக்கும்ணா,” என்றாளாம் அவள். அதன்பின் காப்பி கொடுத்தாளாம், ஜெயவேலுவின் குவளையில் மட்டும் சர்க்கரை போடாமல். பால்ராஜ் கொல்லைப்புறத்திலிருந்து வரவேயில்லை.

முதல் வாரம் எல்லாருக்கும் துன்பந்தான். பதினொரு மணிக்கு அய்யாவு, “டேய் ஜெயவேலு, உன் வயிறு கொறையுதோ இல்லியோ, என் வயிறு முதுகுல ஒட்டிகிச்சு,” என்று ஓடும் லாரிச் சத்தத்துக்கு மேல் கத்துவார். ஒன்பதாம் நாள் எனக்குப் படபடப்பு வந்தது. அறுபதைத் தாண்டிய நான் இதில் சேரக் கூடாது என்று என் மனைவி கட்டளையிட்டுவிட்டதால், பத்தாம் நாளிலிருந்து நானும் பால்ராஜோடு கதவைச் சாத்திக்கொண்டேன். ஜெயவேலு மட்டும் ஒருமுறையும் முணுமுணுக்கவில்லை. தேநீர்க்காரர் வந்தால், “சர்க்கரை வேணாம்” என்று அவர் சொல்வதற்குமுன் மூன்று குரல்கள் சொல்லிவிடும். மாலையில் சந்தாபுரா வரை நடந்து போய்த் திரும்புவார். பேக்கரி இருக்கும் பக்கத்தை விட்டுச் சாலையின் மறுபக்கத்தில் நடப்பார்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள், ஒன்பதரைக்குப் பால்ராஜ் வழக்கம்போல் உள்ளே வந்து டப்பாவைத் திறந்தார். சிறிது நேரம் பார்த்தார். பிறகு மூடி, பையில் வைத்துவிட்டார்.

“உடம்பு சரியில்லையா?” என்றேன்.

“இல்ல சார். ரெண்டு மணிக்குப் பாத்துக்கலாம்.”

“உங்களுக்கு இது ஆகாது என்றுதானே கட்டளை?”

“காலையில நாலு இட்லி துன்னுட்டுத்தான் வந்தேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க,” என்றார். அன்றிலிருந்து அவரும் மரத்தடிக்கு வந்தார். வட்டத்தின் மறுகோடியில் உட்கார்ந்தார். பேச்சு இன்னும் இல்லை.

ஆகஸ்டு மாதத்தின் கடைசிப் பணிநாளில் கிருஷ்ணப்பா நாடாவோடு வந்தார். இம்முறை எல்லார் முன்னிலையிலும் அளக்க வேண்டும் என்று நாங்கள் சொன்னோம். முப்பத்தொன்பது அங்குலம். நாற்பத்தொன்றேகாலிலிருந்து ஆறே வாரத்தில் முப்பத்தொன்பது! ஆனால் ஆணையில் எழுதியிருந்தது முப்பத்தெட்டு.

கிருஷ்ணப்பா நாடாவைச் சுருட்டினார். கெட்டவர் அல்லர், அவர் முகமும் வாடியது.

“ஏன் மாடோது சார், என்ன பண்றது?” என்றார் என்னிடம். “முப்பத்தெட்டுன்னு நீங்களே எழுதிடுங்க. நான் பாக்கலைன்னு இருக்கேன்.”

நான் எழுதவில்லை. பொய்யை எழுதி வேலையைக் காப்பாற்றினால், அடுத்த ஆய்வில் அந்தப் பொய்யே அவரை வெளியேற்றும். அதற்கும் மேலாக, உண்மை எங்கள் பக்கம் இருக்கும்போது பொய் எதற்கு? ஒரு முழுத்தாளை எடுத்து, நிருவாகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அதன் சாரம் இது: “திரு. ஜெயவேலுவுக்கு நீங்கள் கொடுத்த மூன்று மாதங்களில் முதல் ஆறு வாரங்கள் அவருடைய தவறின்றி வீணாயின. அவர் பட்டினி இருந்தபோது, விவரம் அறியாமல், கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் ஒன்பது பேரும் அவருக்கு நாள்தோறும் உணவளித்தோம். மறுக்க எங்கள் வழக்கம் அவரை விடவில்லை. நாங்கள் நிறுத்தியபின் ஆறு வாரத்தில் அவர் இரண்டேகால் அங்குலம் குறைந்துள்ளார். மருத்துவரின் அட்டை இணைக்கப்பட்டுள்ளது. நாங்கள் கெடுத்த நாட்களில் ஒரு மாதத்தையேனும் அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். குற்றம் எங்களுடையது, தண்டிப்பதானால் எங்களைத் தண்டியுங்கள்.”

தமிழில் அதைப் படித்துக் காட்டினேன். கையொப்பமிட யார் முதலில் வருவது என்று எல்லாரும் தயங்கி நின்றபோது, பால்ராஜ் என் பேனாவை வாங்கினார்.

“முட்டைன்னு எழுதினீங்களா சார்?”

“உணவு என்று எழுதியிருக்கிறேன்.”

“அதுல முட்டையும் வருமில்ல?” என்று கேட்டுவிட்டுக் கையொப்பமிட்டார்.

கிருஷ்ணப்பா கடிதத்தை இருமுறை படித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். “இத மேலே குடுத்தா என்னயும் சேத்து வெளிய ஓட்டுவாங்க,” என்றார். ஆனால் எடுத்துப் போனார். நான்கு நாள் கழித்து விடை வந்தது: செப்டம்பர் முப்பது வரை நீட்டிப்பு, அதற்குமேல் இல்லை. விளக்கமோ வருத்தமோ அதில் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த ஒரு மாதம் முந்தைய ஆறு வாரத்தைவிடக் கடினமாக இருந்தது. முதலில் வேகமாகக் குறைந்த உடல், பிறகு பிடிவாதம் பிடித்தது. ஒரு வாரம் முழுவதும் நாடா அசையவில்லை. ஜெயவேலு களியுருண்டையையும் விட்டுவிடப் பார்த்தார்; மைதிலி அம்மையார் கண்டித்துத் திரும்ப உண்ண வைத்தார். “வேலைக்காக உடம்பக் கெடுத்துக்க நான் சொல்லல. முட்டையைச் சேர்த்துக்குங்க, நடையைக் கூட்டுங்க, அவசரப்படாதீங்க,” என்றாராம். அவசரப்படாமலிருக்க எங்களுக்கு இருபது நாட்களே இருந்தன. மாலை நடைக்கு இப்போது அய்யாவும் இன்னும் இருவரும் கூடப் போனார்கள்.

செப்டம்பர் முப்பதாம் தேதி, பணி முடிந்து கிருஷ்ணப்பா வந்தபோது, ஜெயவேலு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காவலறையில் நின்றார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. வாசலில் காந்தா நின்றாள். யார் சொல்லி வந்தாள் என்று நான் கேட்கவில்லை. கிருஷ்ணப்பா நாடாவை முன்பக்கம் பிடித்துக்கொண்டு, “யாராவது பின்னாடி பிடிங்கப்பா, வழுக்குது,” என்றார்.

பால்ராஜ் போய்ப் பின்னால் நின்றார். நாடா முறுக்கிக்கொள்ளாமல் நேராக்கி, ஜெயவேலுவின் முதுகோடு ஒட்டிப் பிடித்தார்.

“இழுத்துப் புடிக்காதடா. அப்பறம் ஏமாத்துனோம்னு சொல்வாங்க,” என்றார் ஜெயவேலு, திரும்பாமல்.

“சரியாத்தான் புடிச்சிகிறேன். நீ வாயால சொல்லாம ஏமாத்தின மாதிரி, நான் கையால ஏமாத்த மாட்டேன்,” என்றார் பால்ராஜ். பத்து வாரங்களுக்குப் பிறகு அவர் ஜெயவேலுவோடு பேசிய முதல் வாக்கியம் அது. “வயித்த உள்ள இழுக்காத. மூச்ச வுடு.”

“வுட்டா ஏறிடும்டா.”

“வுடுடா. ஏறினா ஏறட்டும். மூச்ச வுடு மொதல்ல.”

ஜெயவேலு மூச்சை விட்டார். கிருஷ்ணப்பா குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாடாவின் எண்ணைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்களும் பாத்துட்டு எழுதுங்க சார்,” என்றார்.

நான் அருகில் போய்ப் பார்த்தேன். முப்பத்தெட்டைக் குறிக்கும் கோடு, கிருஷ்ணப்பாவின் கட்டைவிரல் நகத்தின்கீழ் சரியாக நின்றது. அவ்வாறே எழுதினேன்.